ஆணியில் தொங்கிய நகல்

வாந்தி வருவது போலிருந்தால் படுக்கக் கூடாதாம், அக்கா. எழுந்து உட்கார்ந்து, எதிரில் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டுமாம். அப்படிச் செய்தால் வராது என்று எழுதியிருக்கிறாள். இந்தக் கப்பலில் எனக்கு எதிர்ப் படுக்கையில் நீங்கள்தான் இருக்கிறீர்கள். அதனால்தான் பேசுகிறேன். மற்றபடி நான் வலியப் போய் யாரிடமும் பேசுகிறவள் இல்லை. அவள் எழுதியது சரிதானா என்று பார்க்க வேண்டும். வந்துவிட்டால் அதையும் நோட்டில் குறித்துக்கொள்வேன்.

யாரா? மித்ரா. சங்கமித்ரா. கேள்விப்பட்டதில்லையா? நல்லது. கேள்விப்படாத ஒருவரையாவது பார்த்தேனே. ஒரு வாரப் பத்திரிகையில் இருபத்திரண்டு வாரம் எழுதினாள். 'தனியே' என்று தலைப்பு. முதுகில் ஒரு பை, யாரும் போகாத மலை, மழைக்காலத்துக் கடல், நடுவில் இவள். இப்போது அதைப் புத்தகமாகப் போடுகிறார்கள். அட்டையை முகநூலில் போட்டிருந்தார்கள். பனிக்கு நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். எங்கள் தெருவில் ஒருத்தர் விடாமல் என்னிடம் காட்டிவிட்டார்கள், "உன் ஃப்ரெண்டுதானே, உன் ஃப்ரெண்டுதானே" என்று. நான் பார்த்தது ஒன்றுதான். தனியே போனவள், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள், அப்படியென்றால் படம் எடுத்தது யார்?

நீங்களே சொல்லுங்கள். யார்?

அந்த ஒரு கேள்வியில்தான் நான் கிளம்பினேன்.

பிடித்துக்கொள்ளுங்கள், சாய்கிறது. உங்கள் ஊறுகாய் டப்பா. ம், பிடித்துவிட்டேன்.

உங்கள் போனில் சிக்னல் வந்ததா? இன்னும் இல்லையா. மத்தியானம் தீவு கண்ணில் படும்போது வரும் என்று கேன்டீன்காரர் சொன்னார். என் போனில் ஒரு மெயில் காத்திருக்கிறது, அக்கா. நேற்றே அனுப்பிவிட்டேன். அதாவது, அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டேன். சிக்னல் வந்தால் அதுவாகவே போய்விடும். அதற்குப் பிறகு நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. அது எனக்கு வசதி.

பொறாமை என்று நினைக்காதீர்கள். நான் அரூரில் இ-சேவை மையத்தில் இருக்கிறேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, எல்லாம் என் கையைத் தாண்டித்தான் மேலே போகும். பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தால் கண்டுபிடித்துவிடுவேன். சரிபார்ப்பது என் தொழில். இதையும் சரிபார்க்க வந்தேன். அவ்வளவுதான்.

நானும் அவளும் சேலத்தில் ஒரே கல்லூரி. ஹாஸ்டலில் ஒரே அறை. இரண்டு பேர் வீட்டிலும் படிப்பு எங்களோடுதான் ஆரம்பம். என் அப்பா கல்குவாரி. அவள் அப்பா செங்கல் சூளை. இதில் நான் பொறாமைப்பட என்ன இருக்கிறது? அவளுக்கு முடி அதிகம். சரி. பரீட்சைக்கு முதல் நாள் ஒன்பது மணிக்குப் படுத்தால் அப்படித் தூங்குவாள், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். அதுவும் சரி. வார்டன் என்னை "ஏய் பதினேழாம் நம்பர்" என்பார், அவளை மட்டும் "மித்ராம்மா" என்பார். போகட்டும். இதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிறவள் இல்லை.

குரூப் ஃபோர் இரண்டு பேரும் சேர்ந்து எழுதினோம். அவளுக்குக் கிடைத்தது. எனக்கு ஒரே ஒரு கேள்வியில் போனது. கூட்டு வட்டிக் கணக்கு. முதல் நாள் சாயங்காலம் மொட்டை மாடியில் உட்கார்ந்து அந்தக் கணக்கை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அவள் சரியாகப் போட்டாள். எனக்கு ஹாலில் சந்தேகம் வந்துவிட்டது, வேறு வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டேன். எனக்கு எப்போதும் சந்தேகம் வரும், அக்கா. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன்.

இளநிலை உதவியாளர் வேலை. சொந்த மேசை, சுழல் நாற்காலி. ஒன்றரை வருஷம் உட்கார்ந்துவிட்டு ராஜினாமா செய்தாள்! அவள் எழுந்த நாற்காலி எனக்கு வருமா என்று விசாரித்தேன். வராதாம், அடுத்த தேர்வுக்குப் போய்விடுமாம். நாற்காலி காலியாகக் கிடக்கிறது, எனக்கும் இல்லை, அவளுக்கும் வேண்டாம். வயிறு எரியுமா எரியாதா?

"தவம், வாடி, ரெண்டு பேரும் போலாம்"னு கூப்பிட்டாள். கூப்பிட்டது உண்மை, அதை மறைக்க மாட்டேன். ஹாஸ்டலிலேயே போட்ட திட்டம் அது. இந்தியா மேப்பில் மேலே ஒரு புள்ளி, கடலில் ஒரு புள்ளி, இரண்டும் வைத்தது நான்தான். "எனக்கு வேலை கிடைக்கட்டும், வரேன்" என்றேன். அவள் ஒரு வருஷம் தள்ளிப்போட்டாள். மறுபடி கேட்டாள். மறுபடி அதையே சொன்னேன். மூன்றாவது தடவை கேட்கவில்லை, போய்விட்டாள். போன பிறகு ஏழு தடவை போன் செய்தாள். நான் எடுக்கவில்லை. எடுத்து என்ன பேசுவது? "பனி எப்படி இருக்கு?" என்று கேட்பதா?

என்ன? ஆமாம், வீட்டில் சொன்னேன். டெல்லியில் டிரெயினிங் என்று சொல்லியிருக்கிறேன். அப்பா பெருமையாக பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

சரி, இந்தக் கப்பலுக்கு முன்னால் போய்வந்த மலைக்கு வருகிறேன். இமாச்சலில் இருக்கிறது. ரயில், பஸ், இன்னொரு பஸ், அதற்கப்புறம் பால் வண்டி. பத்திரிகைப் பக்கங்களை வெட்டி நோட்டில் ஒட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். பஸ் டிரைவர் பாறைக்குப் பாறை கும்பிடுவார் என்று எழுதியிருந்தாள். கும்பிட்டார். டிக். மூன்றாவது பாலத்தில் எல்லோரையும் இறக்கி நடக்க விடுவார்கள் என்றாள். விட்டார்கள். டிக். பால் வண்டியில் உட்கார இடமில்லை, கேன் மேல்தான் உட்கார வேண்டும் என்றாள். டிக். நாற்பத்தோரு இடத்தில் டிக் போட்டேன், அக்கா. கை வலித்தது. ஒரே ஒரு தப்பு கிடைத்தது. கடைசிக் கிராமத்து டீக்கடையில் ஒரு வெள்ளை நாய் என்று எழுதியிருந்தாள். நான் பார்த்தேன். நாய் பழுப்பு. சிவப்பு மையில் வட்டம் போட்டேன்.

அந்த டீக்கடையில்தான் விஷயம்.

அதற்கு மேல் ஒரு கணவாய். ஏறி, அந்தப் பக்கம் ஒரு ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்ப மூன்று நாள். ஒரு காலத்தில் தனியாகப் போன ஓர் ஆள் திரும்பவே இல்லையாம். அதிலிருந்து ஊர்க்கட்டுப்பாடு. யாரையும் தனியாக மேலே விட மாட்டார்கள். இரண்டு பேராகத்தான் போக வேண்டும். டீக்கடையம்மா யாங்சென் கையில் ஒரு நோட்டு இருக்கிறது. அதில் பெயர், ஊர், போன நாள், வந்த நாள். இரண்டு பேரும் ஆளுக்கு ஓர் அடையாள அட்டை நகல் கொடுக்க வேண்டும். அதைச் சுவரில் ஓர் ஆணியில் குத்தி வைப்பாள். இறங்கி வந்தால் நகலைத் திருப்பித் தருவாள். அவ்வளவுதான். ஆணியில் காகிதம் தொங்கினால் மலையில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

இதை மித்ரா எழுதவில்லை! இருபத்திரண்டு வாரத்தில் ஒரு வரி இல்லை. இரண்டு பேர் இல்லாமல் விடமாட்டார்கள் என்றால், அவள் யாரோடு போனாள்? எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. ஒன்பதாவது வாரத்தில் ஒரு வரி உண்டு. "வராத ஒருவரோடு பேசிக்கொண்டே ஏறினேன்." அப்போதே எனக்குச் சந்தேகம். எவனோ ஒருவன். கூடவே கூட்டிப் போய்விட்டு, வரவில்லை என்று எழுதுகிறாள். அவன்தான் படம் எடுத்தவன். சிக்கினாயா என்று நினைத்தேன்.

எனக்கு இந்தி நாற்பது வார்த்தை தெரியும். அந்தம்மாவுக்கும் அவ்வளவுதான் என்று தோன்றியது. அதனால் நன்றாகவே பேசிக்கொண்டோம். பத்திரிகைப் படத்தைக் காட்டி, "இவ கூட யார் வந்தது?" என்றேன்.

அவள் படத்தைப் பார்க்கவில்லை. என் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். அடுப்பைக் குறைத்தாள். உள்ளே போய் ஆணியிலிருந்து ஒரு காகிதத்தைக் கழற்றிக்கொண்டு வந்தாள். ஓரமெல்லாம் புகை படிந்து டீ நிறமாக இருந்தது.

என் ஆதார் நகல், அக்கா.

என் முகம். கீழே 'உண்மை நகல்' முத்திரை, பச்சை மையில் கையெழுத்து. அரூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா போட்டது. எந்த விண்ணப்பம் போட்டாலும் சான்றொப்பம் கேட்பார்களே, அதற்காக நானும் மித்ராவும் ஒரு முழு நாள் வரிசையில் நின்று வாங்கியது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று என்னுடையதில் மூன்று செட் அவளிடம், அவளுடையதில் மூன்று செட் என்னிடம். எங்கள் மாதிரி ஆட்களுக்கு அது பழக்கம். மற்றப் பெண்கள் துப்பட்டா மாற்றிக்கொள்வார்கள், நாங்கள் ஜெராக்ஸ் மாற்றிக்கொள்வோம்.

அந்தம்மா நோட்டைப் புரட்டிக் காட்டினாள். இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஜூன். சங்கமித்ரா. அதற்குக் கீழே தவமணி, அரூர். அவள் கையெழுத்து, என் பெயர். மித்ராவுக்கு நேராக வந்த நாள் இருக்கிறது. எனக்கு நேராக வெறும் கட்டம்.

"நாளைக்கு பஸ்ல வருவா, முதல் கொட்டாய்ல காத்திருக்கேன்னு சொன்னா. எழுதிக்கிட்டு விட்டேன்" என்றாள் யாங்சென். "நாலாம் நாள் தனியா இறங்கி வந்தா. எங்கடி இன்னொருத்தின்னு கேட்டேன். வருவா, காகிதத்தை எடுக்காதீங்கன்னா." என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ரெண்டு வருஷமாவா அந்த பஸ் வருது?"

அங்கே உட்கார்ந்திருந்த இரண்டு ஆட்கள் சிரித்தார்கள். எனக்குப் புரியாது என்று நினைத்திருப்பார்கள். சிரிப்புக்கு எதற்கு இந்தி?

எனக்கு வந்தது கோபம்தான். என்னைக் கேட்காமல் என் நகலைப் பயன்படுத்தியிருக்கிறாள். குற்றம் அது. எங்கள் மையத்தில் யாராவது அப்படிச் செய்தால் ஐ.டி.யை முடக்குவார்கள். நான் கூட்டு வட்டிக் கணக்கைக் கெடுத்துவிட்டு அரூரில் கரண்ட் வருமா வராதா என்று உட்கார்ந்திருந்த இரண்டு வருஷமும், இங்கே என் பெயர் மலையேறிக்கொண்டிருந்திருக்கிறது. நான் இல்லாமல்! என் பெயருக்குக்கூட என்னைவிட நல்ல வாழ்க்கை கிடைத்திருக்கிறது.

நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். பிறகு, மேலே போக வேண்டும் என்றேன். அந்தம்மா தலையை ஆட்டினாள். "தனியா விடமாட்டேன். அந்தப் பொண்ணு எங்க?"

என்ன செய்வது? அவ்வளவு தூரம் போயாகிவிட்டது, ஏரியைச் சரிபார்க்காமல் வர முடியுமா? பையைத் திறந்தேன். என் ஃபைல் எப்போதும் என்னோடுதான் இருக்கும். இதோ, இதுதான், நீலம். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி, சாதிச் சான்று, எல்லாம் ஒரிஜினல். ஜூன் மாதம் வீட்டில் வைக்க முடியாது, ஓடு ஒழுகும். கடைசி உறையில் மித்ராவின் செட் இருந்தது. ஒன்றை உருவிக் கொடுத்தேன். "நாளைக்கு பஸ்ல வருவா" என்றேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? இது வேறு, அது வேறு. அவள் செய்தது ஏமாற்று. நான் செய்தது, வேறு வழியில்லாமல். அதுவும் அவள் ஏற்கெனவே போய் வந்தவள்தானே? நான் எங்கே பொய் சொன்னேன்?

யாங்சென் அந்தப் பச்சைக் கையெழுத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நோட்டில் எழுதிக்கொண்டாள். என் பையில் ரொட்டி இரண்டு திணித்தாள். நாயை ஏதோ சொல்லி அதட்டினாள். அது எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தது.

மலையைப் பற்றி என்ன சொல்வது? பெரியது. மூச்சு வரவில்லை. இருபது அடி நடப்பேன், நிற்பேன். ஃபைலை ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு வைத்துக் கட்டியிருந்தேன், குளிருக்கு அடக்கமாக இருந்தது. நாய் பாதி வழியில் திரும்பிவிட்டது. அப்புறம் ஒரு சத்தம் கிடையாது, அக்கா. பறவைகூட இல்லை. இப்படி ஓர் இடத்தில் கால் பிசகினால் அப்பா டெல்லியில் போய்த் தேடுவாரே என்று நினைத்தேன். அப்போதுதான் அவளைத் திட்ட ஆரம்பித்தேன். வாய்விட்டு. "வேலையை விட்டியேடி, நாற்காலியை விட்டியேடி, இங்க வந்து என்னத்தடி பாத்த"னு. அவள் என்ன பதில் சொல்வாள் என்று எனக்குத் தெரியும், அதையும் நானே சொல்லி, அதற்கும் திட்டினேன். நிறுத்தினால் பயம் வந்தது. அதனால் உச்சி வரை நிறுத்தவே இல்லை. மூன்று நாளும் அவளோடு சண்டைதான்.

ஆமாம், தனியாகத்தான். கூட யார் இருந்தார்கள்?

உச்சியில் கல்லை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு படம் எடுக்கலாம் என்று போனைக் கல்லிடுக்கில் சொருகி, டைமரை பத்து நொடி வைத்துவிட்டு ஓடினேன். பனியில் ஓட முடியுமா? புதைந்து புதைந்து போய் நிற்பதற்குள் பத்து நொடி முடிந்துவிட்டது. திரும்ப நேரமில்லை. வந்து பார்த்தேன்.

இதோ பாருங்கள். இது நான். முதுகைக் காட்டிக்கொண்டு.

புத்தக அட்டைக்கும் இதே கல், இதே கோணம். யாரும் எடுக்கவில்லை. எவனும் இல்லை. அவளும் ஓடியிருக்கிறாள், திரும்ப நேரம் கிடைக்கவில்லை. படத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைமுடி ஒன்றுதான் வித்தியாசம்.

அப்படியென்றால் புத்தகம் போடுகிறவருக்கு அந்த மெயிலில் என்ன எழுதியிருக்கிறேன் என்கிறீர்களா? படிக்கிறேன். "மதிப்பிற்குரிய ஐயா, 'தனியே' தொடரின் ஆசிரியர் தாம் தனியாகச் சென்றதாகக் கூறுகிறார். கணவாய்ப் பதிவேட்டில் அதே தேதியில் இருவர் பெயர் உள்ளது. புத்தகம் வெளியாகும் முன் விசாரிக்க வேண்டுகிறேன். பதிவேட்டின் படம் இணைப்பு. இப்படிக்கு, ஒரு வாசகி." இதில் ஒரு வார்த்தை பொய்யா, சொல்லுங்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஆவணம் இருக்கிறது. புத்தகம் நின்றுபோகும் என்றால் அதற்கு நான் பொறுப்பா? காகிதத்தில் இருப்பது இருக்கிறது. காகிதத்தில் இல்லை என்றுதானே எனக்கு நாற்காலி இல்லை என்றார்கள்? அப்போது யாராவது கணக்கைச் சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்டார்களா?

இல்லை, அழவில்லை. குமட்டுகிறது. கொஞ்சம் ஊறுகாய் கொடுங்கள்.

அவள் இந்தக் கப்பலிலும் இரண்டு நாள் வாந்தி எடுத்தாளாம். எழுதியிருக்கிறாள். மேல்தளத்துக் கதவைப் பூட்டிவிட்டார்கள், கடலையே பார்க்கவில்லை என்றும் எழுதியிருக்கிறாள். நின்றேன், அலையைப் பார்த்தேன் என்று புளுகியிருப்பாள் என்று எவ்வளவு ஆசையாகப் படித்தேன் தெரியுமா? எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதி வைத்திருக்கிறாள். அந்த ஆணியை மட்டும் ஏன் எழுதவில்லை?

ஆமாம். எழுதினால் என் பெயரையும் எழுத வேண்டும்.

ஊர் முழுக்கப் படித்திருக்கும். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவள் யார் என்று.

இல்லை, இதை நான் இப்போதுதான் யோசிக்கிறேன். இரண்டு நாளாக இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. நீங்கள்தான் கேட்டீர்கள். நானா கேட்டேன்? சரி, யாரோ.

திரும்பி வந்த கதையா? மூன்றாம் நாள் இறங்கினேன். யாங்சென் இரண்டு காகிதத்தையும் நீட்டினாள், என்னுடையது, மித்ராவினுடையது. நோட்டில் எனக்கு நேராக, அந்தப் பழைய வெற்றுக் கட்டத்தில் தேதி போட்டாள். இரண்டு வருஷம் கழித்து நான் மலையிலிருந்து இறங்கிவிட்டேன். என்னுடைய நகலை வாங்கிக்கொண்டேன். அவளுடையதைத் திரும்பக் குத்தச் சொல்லிவிட்டேன். ஏன் என்று தெரியாது.

என்ன சத்தம்? எல்லோரும் ஏன் எழுந்திருக்கிறார்கள்? மேல்தளத்துக் கதவைத் திறந்துவிட்டார்களா?

தீவா? எங்கே... ஆமாம். பச்சையாக ஒரு கோடு.

எல்லோர் போனும் அடிக்கிறது. உங்களுடையதும். பொறுங்கள். ஒரு நிமிஷம் பொறுங்கள், என் போன் எங்கே, தலையணைக்கு அடியில்...

அணைத்துவிட்டேன். சார்ஜ் குறைவு, அதனால்தான். வேறொன்றுமில்லை. கரையில் இறங்கிச் சார்ஜ் போட்டு, அப்புறம் பார்க்கலாம். அனுப்புவதா அழிப்பதா என்று அப்புறம்.

அக்கா, உங்கள் போனைக் கொஞ்சம் தருகிறீர்களா? ஒரே ஒரு கால். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றுதான் இருக்கிறது. தெரியாத நம்பர் என்றால் அவள் எடுப்பாள். என் நம்பரைப் பார்த்தால் எடுப்பாளோ என்னவோ. நான் ஏழு தடவை எடுக்காதவள்.

போகிறது. ரிங் போகிறது.

ஹலோ. நான்தான். தவம்.

இரு, மொதல்ல நான் சொல்றதைக் கேளு. அழாத. கப்பல்ல இருக்கேன், கரை தெரியுது. உன் ஜெராக்ஸ் ஒண்ணு அங்க ஆணியில தொங்குது. பச்சைக் கையெழுத்துப் போட்டது. நீ போய்த்தான் எடுக்கணும்... ஆமா, அங்கதான். தனியா போயிடலாம்னு நெனைக்காத, அந்தம்மா விட மாட்டா. ரெண்டு பேரு வேணும்.

அப்புறம் இன்னொண்ணு. அந்த நாய் வெள்ளை இல்லடி, பழுப்பு. புத்தகம் அச்சுக்குப் போறதுக்குள்ள திருத்திடு.